பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘ஆஸ்கஸ்’ என்று வந்தால் என்ன பொருள்?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
என் மதினிக்கு வயது 41. வெள்ளைப்படுதலுக்காகக் காட்டப் போன இடத்தில், கருப்பை வாயின் செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘ஆஸ்கஸ்’ என்று எழுதியிருக்கிறது. செல்கள் மாறியிருக்கின்றன என்று டாக்டர் சொன்ன ஒரு வரியைக் கொண்டே புற்றுநோய் என்று முடிவுகட்டிவிட்ட மதினி, இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஹெச்.பி.வி. பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அது உடலுறவால் வரும் கிருமி என்று யாரோ சொன்னதிலிருந்து அண்ணனோடு பேச்சும் நின்றுவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (பாளையங்கோட்டை):
பதினான்கு ஆண்டுகளாக லேபில் ஸ்லைடு பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சாயமேற்றிய ஸ்லைடில் கருப்பை வாயின் செல்கள் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையுமாக விரிந்து கிடக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி இரண்டரை முதல் மூன்று மடங்கு பரப்புக்குப் பெருத்திருந்தும், அதற்குமேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாதபோது நாங்கள் எழுதுவதே ஆஸ்கஸ். வெறும் அழற்சிகூடச் செல்லை இப்படிக் காட்டுவதுண்டு. பெருத்த உட்கருவைச் சுற்றி வெற்று வளையம் விழுந்திருந்தால் எல்.எஸ்.ஐ.எல். (லேசான மாற்றம்) என்போம், செல் சிறுத்து, உட்கருவே அதை அடைத்துக்கொண்டிருந்தால் ஹெச்.எஸ்.ஐ.எல். (தீவிர மாற்றம்), அதைத்தான் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. இம்மூன்றில் எதுவுமே புற்றுநோய் என்ற முடிவு அல்ல.

செல்களை இப்படி மாற்றக்கூடிய வைரஸான ஹெச்.பி.வி. இல்லையென்றால் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தால் போதும். இருந்தால், கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி செய்வார்கள். அந்த வைரஸின் 16, 18 ஆகிய வகைகளே ஏறத்தாழ 70 சதவீதக் கருப்பை வாய்ப் புற்றுகளுக்குக் காரணம் என்பதால், எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனைச் சந்தேகப்படுவதை விட்டுவிடச் சொல்லுங்கள் மதினியிடம். இக்கிருமி பல ஆண்டுகள் அரவமில்லாமல் இருக்கக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பெரும்பாலான தொற்றை ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடலே அகற்றிவிடும். நிலைத்துவிட்டாலும் புற்றாக மாற வழக்கமாகப் பத்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும்.

பதில் 2 (வள்ளியூர்):
எனக்கு எல்.எஸ்.ஐ.எல். வந்தபோது, வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு எட்டு மாதங்களைக் கடத்தினேன். அது என் தவறு. கால்போஸ்கோபியின்போது வினிகர் வாடையடிக்கும் திரவத்தைத் தடவிச் சற்றுநேரம் காத்திருந்தார்கள். மாறிய இடம் மட்டும், பச்சரிசி ஒன்றை ஒட்டி வைத்ததுபோல, வெளுத்துத் தெரிந்ததைத் திரையில் காட்டினார் டாக்டர். அங்கே கிள்ளிச் சதை எடுத்தபோது சுருக்கென்றது, அவ்வளவுதான். அந்தச் சதையைப் பரிசோதித்த பயாப்சியில் சி.ஐ.என். 1, அதாவது லேசான செல்மாற்றம், என்று வந்தது. சிகிச்சை எதுவுமின்றி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மறைந்திருந்தது.

கேட்டவர்:
நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை நடக்கிறது. இப்போதே ஹெச்.பி.வி.க்கு மாதிரி கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். மாத்திரை முடிந்து இரண்டு நாட்களாவது விட்டு, மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.