பப்படத்தில் ஒளிவேகம்: அளவா, வித்தையா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
மைக்ரோவேவ் அலையும் ஒளியோட வேகத்துலதான் போகும், அதனால பப்படத்தை வச்சே ஒளிவேகத்தை அளக்கலாம். மைக்ரோவேவ் அவன்ல கண்ணாடித் தட்டையும் உருளை வளையத்தையும் எடுத்துடுங்க. நடுவுல மோட்டார் தண்டு சுத்திட்டேதான் இருக்கும். அதை மூடி ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதுமேல தட்டு அசையாம உக்காரணும். பொரிக்காத பப்படம் ஏழெட்டை விளிம்பு தொடுற மாதிரி பரப்புங்க. முழு பவர்ல 15–20 விநாடி. முதல் வெள்ளைப் பொரிவு தெரிஞ்சதும் நிறுத்தணும், விட்டா புள்ளியெல்லாம் ஒண்ணாயிடும். அவனுக்குள்ள அலை சுவர்ல பட்டுத் திரும்பி நிலையா நிக்கும், அது அதிகமா சூடாக்குற இடம்தான் இந்தப் புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளோட நடுவுல இருந்து நடுவுக்கு அளந்தா அரை அலைநீளம். அதை ரெண்டாலயும், பின்பக்க ஸ்டிக்கர்ல இருக்கிற அலைவெண் 2450 மெகாஹெர்ட்ஸாலயும் பெருக்குங்க. 6.3 செ.மீ. வந்தா ஒளிவேகம் விநாடிக்கு 3.09 லட்சம் கி.மீ. உண்மையான மூணு லட்சத்தைவிட மூணு சதவீதம்தான் கூடுதல்.

களியக்காவிளை:
சாக்லேட்ல செய்யலாமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
உருகி ஓடிடும். பப்படத்துல பொரிஞ்ச தடம் அப்படியே நிக்கும்.

செங்கோட்டை மெக்கானிக்:
மாஷே, 7.7 வந்தா என்ன செய்வீங்க? மைக்ரோவேவ் அவன் ஒரு இரும்புப் பெட்டி. அலை குறுக்கே மட்டுமா நிக்குது, மேலும் கீழும் நிக்கும்லா. 20 செ.மீ. உயரத்துல ஒரு அரை அலை நின்னா தட்டுல இடைவெளி 6.4, ரெண்டு நின்னா 7.7. அந்த 7.7-ஐ உங்க கணக்குல போட்டா 3.8 லட்சம்!

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
பத்து ஜோடி அளந்து சராசரி எடுத்தா சரியாகும்.

செங்கோட்டை மெக்கானிக்:
ஆகாது. கைப்பிசகுன்னா கூடும் குறையும், சராசரியில அடிபட்டுப் போகும். பெட்டி பண்ற பிழை இடைவெளியைக் கூட்டத்தான் செய்யும். அவன்ல அலையை உண்டாக்குற மேக்னட்ரானோட அலைவெண் 2400–2500 மெகாஹெர்ட்ஸுக்குள்ளதான் ஆடும், அதனால ரெண்டு சதவீதத்துக்கு மேல போகாது. ஸ்டிக்கர் மேல பழி போடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
சரி, ஒத்துக்கறேன். அப்போ நீளம், அகலம் ரெண்டு பக்கமும் இடைவெளி அளந்து, உயரத்தையும் சேர்த்துத் திருத்தலாமே. ஒவ்வொரு திசையிலும் இடைவெளியை ரெண்டால பெருக்கி, தலைகீழாக்கி, வர்க்கம் எடுத்து, மூணையும் கூட்டினா அலைநீளத்தோட தலைகீழ் வர்க்கம்.

செங்கோட்டை மெக்கானிக்:
உயரத்துல ஒண்ணா ரெண்டான்னு எப்படித் தெரியும்? விடை மூணு லட்சம் வர்ற மாதிரி எண்ணைப் போட்டா அது அளவு இல்ல.

களியக்காவிளை:
கடை பில் அடிக்கிற தெர்மல் பேப்பரை நனைச்சு, அட்டையில ஒட்டி, நட்டுக்குத்தலா நிறுத்தலாம்லா? சூடு பட்ட இடம் கறுக்கும். மேலிருந்து கீழ எத்தனை கறுப்புன்னு எண்ணிக்கலாம்.

செங்கோட்டை மெக்கானிக்:
அது முறை. ஆனா அட்டையையும் பப்படத்தையும் ஒரே ஓட்டத்துல வைக்கணும். ஈரம் உள்ள வந்தாலே புள்ளிகள் இடம் மாறும்.