உதவி: பலூன் சுற்றியும் மைக் உதட்டைக் கடிக்கிறது

செம்புக்கம்பி (டர்பன்): அவசரம். ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்டுக்கு (அலைவரிசைக்கு) டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா கட்டி, ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்துக்குப் பலூன் என்ற சுருளும் சுற்றிப் போட்டாயிற்று. ஆனாலும் பேச ஆரம்பித்தால் மைக் உதட்டில் சுள்ளென்கிறது, கணினி ஸ்பீக்கர் கரகரக்கிறது. சனிக்கிழமைக்குள் சரியாக வேண்டும். எங்கே தப்பு?

திரியோலே_தம்பி: பலூன் 1:1 ஆ, ஓமை நாலில் ஒன்றாக்கும் 4:1 ஆ? கம்பி சுற்றிய ரிங் (காந்த வளையம்) என்ன ரகம்? எத்தனை சுற்று? ஒன்றுமே சொல்லவில்லையே அண்ணா. 4:1 என்றால் 73 ஓம் டைபோல் 18 ஓமாகத் தெரியும், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2.7க்கு ஏறிவிடும்.

மண்தரை: எர்த் சரியில்லை. இரண்டு கம்பி அடித்து இறக்குங்கள். எனக்கு எல்லா நோயும் அதில்தான் தீர்ந்தது.

பழைய_வால்வு: முதலில் அது பலூன் இல்லை தம்பி. பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு, இரண்டிலும் முதல் துண்டை எடுத்து ஒட்டினால் பாலன். இது தெரியாமல் சுற்ற உட்கார்ந்தால் இப்படித்தான்.

சாட்ஸ்வர்த்_மாடி: பாலன் என்றால் எங்களுக்கு முருகன். நான் பலூன் என்றுதான் சொல்வேன், ஊதாமலே வேலை செய்கிறது.

பழைய_வால்வு: காவடி வேறு, கம்பி வேறு.

திரியோலே_தம்பி: பெயர் கிடக்கட்டும். கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் முள் நகர்கிறதா? நகர்ந்தால் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக மின்னோட்டம் வீட்டுக்குள் வருகிறது.

செம்புக்கம்பி: நகர்கிறது. 1:1 தான், எனாமல் கம்பி இரண்டைச் சேர்த்து 9 சுற்று, 100 வாட். ரிங் பழைய கணினி பவர் சப்ளையில் உருவியது. மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை.

பழைய_வால்வு: அதுதானே பார்த்தேன்! மஞ்சள்-வெள்ளை என்றால் 26 ரக இரும்புத்தூள். காந்த உட்புகுதிறன் 75 தான், அந்த மின்னோட்டத்தைத் தடுக்கப் போதாது. ஃபெரைட் 43க்கு 800 அளவில். எஃப்டி240-43 என்ற ஃபெரைட் ரிங் வாங்கி ஆர்ஜி-58 கேபிளை அதில் 12 சுற்று விடு. முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

திரியோலே_தம்பி: சனிக்கிழமைக்குள் ரிங் எங்கே வரும்? 110 மி.மீ. வடிகால் குழாயில் கேபிளையே 17 சுற்று சுற்றுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். 6 மீட்டர் சொச்சம் பிடிக்கும். டைபோலின் நடுவிலேயே கட்டுங்கள், ரேடியோ பக்கம் வேண்டாம்.

பழைய_வால்வு: ரிங் இல்லாத காற்றுச் சுருள் ஒரு பேண்டுக்குப் பிடித்தால் இன்னொன்றுக்குக் கைவிடும்.

திரியோலே_தம்பி: அவர் கேட்டதே ஒரு பேண்டுக்குத்தான்.

சாட்ஸ்வர்த்_மாடி: கரண்ட் போன இரவில் கேட்டுப் பாருங்கள். லோட்ஷெடிங்கில் 40 மீட்டர் எவ்வளவு அமைதி! அக்கம்பக்கத்து எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும்.

மண்தரை: எர்த் அடித்தாரா இல்லையா?

செம்புக்கம்பி: குழாயில் சுற்றினேன். கடிக்கவில்லை. நன்றி.

திரியோலே_தம்பி: கேபிளைப் பிடித்தால் முள் இன்னும் நகர்கிறதா அண்ணா?

திரியோலே_தம்பி: அண்ணா?

மண்தரை: எர்த்தும் அடித்திருப்பார்.