மறு: வாய்க்கால் தூர்வார ஆளுக்கு ஐயாயிரம்

எல்லோருக்கும் வணக்கம். நம் ஊர் வாய்க்காலைத் தூர்வார ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் போடலாம் என்ற கடிதத்துக்கு என் பதில் இது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று நாள் ஆகிறது. நம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மேல் கோழி நடந்து போகிறது. மிகை இல்லை, படம் எடுத்து வைத்திருக்கிறேன். "தண்ணி வந்தாலும் பயம், வரலைன்னாலும் பயம்" என்கிறார் அத்தை.

கர்நாடகம் காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வரவேண்டும், சரி. அதைக் கேட்க வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 2023-ல் ஜூன் 12 திறந்த மேட்டூரை அக்டோபரிலேயே மூடினார்கள். மறு வருஷம் ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திறந்த இரண்டே நாளில் அணை 120 அடியும் நிரம்பி, கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. மாதக்கணக்கில் காய்கிறது, பிறகு ஒரே வாரத்தில் கொட்டுகிறது. வருகிறபோது கடைமடைவரை இழுக்கவும் ஐப்பசி மழையில் வடிக்கவும் வாய்க்கால் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

நம் எல்லைக்குள் மட்டும் வாரிப் பயனில்லை. அடைப்பு மேலூர்ப் பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. அவர்கள் வயல் வடிவதோ நம் வழியாகத்தான். இரண்டு ஊரும் சேர்ந்து வாரி, முறை வைத்துப் பாய்ச்சினால்தான் உண்டு. 2003-ல் இரு மாநில விவசாயிகளே 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றாக உட்கார்ந்தார்கள். நாம் மதகடியில் உட்காரக் கூடாதா?

– கீழத்தெரு, தோகா

---

மாப்பிள்ளை, மேலூரோடு சேர்வதா? 83-ல் மடையை அடைத்துவிட்டு உன் தாத்தா மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது யார்? உன் அப்பாவிடம் கேள். ஸ்டேஷன் வரை நடந்து அதை மீட்டுவந்தவன் நான், அதற்கு இன்றுவரை உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. பணம் தருகிறேன். அவர்கள் பெயர் இருக்கும் பலகையில் என் பெயர் வேண்டாம்.

– சிங்கப்பூர்

---

கஜா புயல் நிதியில் மீதி 61,400 ரூபாய் யாரிடம் இருக்கிறது? மூன்றாவது தடவை கேட்கிறேன். அதைச் சொல்லாமல் புது வசூல் கிடையாது. பொக்லைன் வாடகை மணிக்கணக்கா, நாள்கணக்கா? மேலூர் பாதி போடுமா? ரசீது யார் பெயரில்?

அப்புறம், அந்தக் கோழி எங்கள் வீட்டுடையதுபோல் தெரிகிறது. படத்தை அனுப்பு.

– மஸ்கட்