கருப்பட்டி விற்கிறேன்: பக்கத்தில் 14,000 பேர், பேசுவதற்கு ஒருவரும் இல்லை

விடிலிக்காரர் மகன்:

எல்லோருக்கும் வணக்கம். உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பனையேறி. அம்மா விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சுகிறார். நான் பி.காம் முடித்துவிட்டு அதை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். முதல் இரண்டு வருடம் 180 வீடுகள் வாங்கின. எல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விசாரிப்பவர்கள் கூடினார்கள். அந்த வேகத்தில் போன வருடம் மாதம் 12,000 ரூபாய் பேசி ஒரு விளம்பர நிறுவனத்திடம் பக்கத்தை ஒப்படைத்தேன்.

ஐந்தே மாதத்தில் 900 பேர் 14,000 ஆனார்கள். ஆர்டர் மட்டும் கூடவில்லை. அவர்கள் போட்ட பதிவுகளை இப்போதுதான் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். ஒரு படத்தில் இருப்பது தென்னை மரம். இன்னொன்றில் "எங்கள் பாட்டியின் கைப்பக்குவம்" என்று ஒரு பாட்டி சிரிக்கிறார், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. என் பாட்டி நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று பேருக்குச் சரக்கை இலவசமாக அனுப்பி, அவர்களாகவே வாங்கிச் சாப்பிட்டதுபோல் வீடியோவும் போட வைத்திருக்கிறார்கள்.

"சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று ஒரு பதிவு. முதல் வருடத்திலிருந்து வாங்கும் ஒரு டீச்சரம்மா அதைப் படித்திருக்கிறார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ஒரு மாதமாக இரண்டு வேளையும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார், அளவு ஏறிவிட்டது. "நீ எழுதியிருந்தியே தம்பி, அதான் குடுத்தேன்" என்றார். திட்டவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறுவனத்தை நிறுத்தியாகிவிட்டது. இனி நானே எழுத வேண்டும். என்ன எழுதுவது, இந்த 14,000 பேரை என்ன செய்வது?

கோவைப் பதிவர்:

ஆறு வருடமாகச் சமூக ஊடக வேலைதான் பார்க்கிறேன். எல்லா நிறுவனமும் இப்படி இல்லை, இதைப் படிக்க எனக்கே வருத்தமாக இருக்கிறது. பக்கத்தை மூடிவிடாதீர்கள். பக்கத்தின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸ் திறந்து, பின்தொடர்பவர்கள் எந்தெந்த ஊர் என்று முதலில் பாருங்கள். போட்டி, பரிசு என்று வைத்துச் சேர்த்த கூட்டமாக இருந்தால் அவர்கள் எப்போதும் வாங்கப்போவதில்லை. அழகான படத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதையும் ஒதுக்க வேண்டாம்.

செக்கடி, காங்கேயம்:

தம்பி, நான் காங்கேயத்துக்குப் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறேன். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவோம், அதனால் வருடா வருடம் உங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கை வாங்குபவள்தான்.

முதலில் அந்தச் சர்க்கரைப் பதிவு. அழித்தால் மட்டும் போதாது. அதை நம்பி இன்னும் எத்தனை வீட்டில் காப்பி கலக்குகிறார்களோ! கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைச் சத்துதான். நாங்கள் போட்டது தவறு, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று உங்கள் பெயரில் எழுதிப் பக்கத்தின் உச்சியில் நிற்க வையுங்கள். 180 வீட்டுக்கும் தனியாகச் சொல்லுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

எனக்கும் ஒன்று நடந்தது. இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில் நிலக்கடலை சரியாகக் காயவில்லை. நாள் தள்ளினால் ஆர்டர் போய்விடும் என்று ஆட்டிவிட்டேன். 60 கேன் போனது. பத்தாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா, "எண்ணெய் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். டிரம்மைத் திறந்து மோந்து பார்த்தேன். சிக்கு வாடை. என் மூக்குக்குத் தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பினேன். கடலை ஈரம், தவறு என்னுடையது, கேனைத் திருப்பி அனுப்புங்கள், செலவு என்னுடையது என்று. 41 கேன் திரும்பி வந்தது. அந்த மாதம் சம்பளம் கொடுக்க நகையை வைத்தேன்.

ஆனால் அதுவரை "லிட்டர் எவ்வளவு" என்று மட்டுமே கேட்ட குழு, அந்த வாரம் பேச ஆரம்பித்தது. கடலை காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அடியில் தங்கும் மண்டியை என்ன செய்வது, வெயிலில் வைக்கலாமா என்று. ஒரு பருப்பை இரண்டாக உடைத்தால் படக்கென்று சத்தம் வரவேண்டும், அமுங்கினால் ஈரம். அதை வீடியோவாகப் போட்டேன். என் கைதான், நகத்தில் புண்ணாக்கு ஒட்டியிருந்தது.

பிறகு ஒருவர், கடையில் எண்ணெய் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டார். கணக்கை அப்படியே போட்டேன். ஒரு லிட்டருக்கு எங்களுக்கு இரண்டரைக் கிலோ பருப்பு பிடிக்கும். அன்றைக்குக் கிலோ 130, ஆக 325 ரூபாய். புண்ணாக்கு விற்று 60 வரும். ஆட்டுக்கூலி, கேன், மின்சாரம் சேர்த்து 55. விற்பது 360-க்கு, எனக்கு நிற்பது 40. இன்றுவரை அதிகம் பேர் பேசியது அந்தப் பதிவில்தான். இதே பருப்புக்கு விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று ஒருவர் கேட்டார், அதையும் சொன்னேன்.

உங்களிடம் இதைவிட நிறைய இருக்கிறது. பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு எதற்குத் தடவுகிறீர்கள் என்று பட்டணத்தில் பலருக்குத் தெரியாது. தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதே ஒரு பதிவு. பொங்கி வரும்போது அம்மா ஆமணக்கு விதை போடுவாரா? கூப்பனியை, அதாவது காய்ந்து கெட்டியாகி வரும் பாகை, தண்ணீரில் சொட்டுவிட்டுப் பதம் பார்ப்பாரா? அதை அவர் வாயாலேயே சொல்லட்டும். வெளிச்சம் போதவில்லை என்று திரும்ப எடுக்காதீர்கள்.

சீசன் முடிந்ததும் முடிந்தது என்று சொல்லுங்கள். ஐப்பசியில் "இன்று காய்ச்சியது" என்று போட்டால் என்னைப் போன்றவர்களுக்கு உடனே தெரியும். மழைக்காலத்தில் கருப்பட்டி ஏன் இளகுகிறது, வீட்டில் எப்படி வைக்க வேண்டும் என்று எழுதலாமே.

180 வீட்டுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும், அதைச் சொல்லிவிடுங்கள். பதில் வந்தால் நீங்களே பதில் போடுங்கள். நான் சாயங்காலம் செக்கு நின்றதும் ஒரு மணி நேரம் அதற்கென்றே உட்காருவேன்.

நுகர்வோர் பக்கம்:

அந்த மூன்று வீடியோவையும் கவனியுங்கள். பணமே வாங்காவிட்டாலும், இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு பேசினால் விளம்பரம் என்று காட்ட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லேயே இதைச் சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. நோய் பற்றிய பேச்சுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் தனியாக இருக்கின்றன. வீடியோ போட்டவர்களிடம் பேசி "விளம்பரம்" என்று சேர்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

விடிலிக்காரர் மகன்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

இன்சைட்ஸ் பார்த்தேன். பாதிக்கு மேல் வெளிமாநில ஊர்கள், அங்கெல்லாம் நாங்கள் பார்சலே அனுப்புவதில்லை. திருத்தத்தை எழுதி உச்சியில் வைத்தேன். டீச்சரம்மாவிடம் முதலில் படித்துக் காட்டினேன். "சாருக்குக் காப்பியை நிறுத்தியாச்சு, எனக்கு மட்டும் ஒரு கிலோ அனுப்பு" என்றார். இன்னும் இரண்டு வீட்டிலிருந்து, தாங்களும் அந்தப் பதிவை நம்பியதாகப் போன் வந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்த வீடியோக்களில் இரண்டை எடுத்துவிட்டார்கள், ஒருவர் "விளம்பரம்" என்று சேர்த்துவிட்டார்.

அக்கா, அம்மா சிரட்டையில் ஊற்றுகிற வீடியோ போனில் இருந்தது. போன சித்திரையில் எடுத்தது, அப்படியே தேதி சொல்லித்தான் போட்டேன். ஒரே புகை, அம்மா நடுவில் என்னைப் பார்த்து "தள்ளி நில்லுல" என்கிறார். வெட்டலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒருவர், அவருடைய ஆச்சியும் சிரட்டையை முதலில் தண்ணீரில் நனைத்துத்தான் வைப்பார் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒன்பது பேர் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஆச்சிக்காரருக்குப் பதில் அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன்.

பங்குனியில் பாளை சீவ ஆரம்பிப்போம். முதல் காய்ச்சலில் இரண்டு கிலோ உங்களுக்கு அனுப்புகிறேன் அக்கா, பணம் வாங்கிக்கொண்டுதான். எள்ளில் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, குறை இருந்தாலும் இங்கேயே எழுதுங்கள்.