ஆஸ்பத்திரி வேலைக்கு பிஐ பாலிசி கேக்கறாங்க, சிஏஆர் இருந்தா பத்தாதா?

கோவை_சைட்:
வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல சின்ன கம்பெனி வெச்சிருக்கோம், வீடு, குடோன், மில் ஷெட்டுன்னு பண்ணிட்டிருந்தோம். இப்பதான் முதல் தடவையா டிசைனும் நாங்களே குடுத்து கட்டியும் தர்ற மாதிரி ஒரு வேலை, 30 பெட் ஆஸ்பத்திரி, தரைத்தளம் போக ரெண்டு மாடி. அக்ரிமெண்ட் டிராஃப்ட்ல 2 கோடிக்கு ப்ரொஃபஷனல் இன்டெம்னிட்டி (பிஐ, தொழில்ல வர்ற தப்புக்கான இன்சூரன்ஸ்) பாலிசி காட்டணும், வேலை முடிஞ்சு 5 வருஷம் வரைக்கும் அது நடப்புல இருக்கணும்னு போட்டிருக்காங்க. நாங்க ஒவ்வொரு சைட்டுக்கும் சிஏஆர் (கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க், கட்டற வேலைக்கான இன்சூரன்ஸ்) எடுக்கறோம், லேபருக்கு அடிபட்டா குடுக்கற டபிள்யூசி பாலிசியும் இருக்கு. ஏஜென்ட்ட கேட்டா "சிஏஆர்லயே எல்லாம் வந்துரும் சார், இது டாக்டருங்க எடுக்கற பாலிசி"ங்கறார். டிராயிங்கும் நாங்க போடறதில்ல, வெளிய ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்ட்ட குடுத்து வாங்கறோம், கையெழுத்து அவரோடதுதான். அப்ப பாலிசி அவர் எடுக்கணுமா நாங்க எடுக்கணுமா? அடுத்த வாரம் கையெழுத்துங்க, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

போரூர்_ஸ்ட்ரக்சுரல்:
தம்பி, அந்த ஏஜென்ட் பேச்ச கேட்டு கையெழுத்து போட்டுராதீங்க. சிஏஆர்ங்கறது கட்டிட்டிருக்கும்போது சைட்ல ஆகற சேதத்துக்கு. சென்ட்ரிங் சரிஞ்சுச்சு, மழைல பேஸ்மெண்ட் குழி இடிஞ்சுச்சுன்னா கைகுடுக்கும், தேர்ட் பார்ட்டி கவரும் சேத்திருந்தா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஆகற சேதத்துக்கும். டிசைன் தப்புனால வந்த சேதம்னா வழக்கமான பாலிசில அது விலக்கு, தனியா டிசைன் டிஃபெக்ட் கவர் சேத்திருந்தாதான் ஏதாச்சும் கிடைக்கும், அப்பவும் தப்பா போட்ட பகுதிய மாத்தற செலவு உங்க தலைலதான். ஒப்படைச்சு மூணு வருஷம் கழிச்சு கட்டடம் இறங்குச்சுன்னா சிஏஆர்ல ஒண்ணும் இல்ல.

என் கதையவே சொல்றேன். கரிசல் மண்ணுல ஒரு குடோன், டிசைன் என்னோடது. ஓனர் செலவ பாத்து ரெண்டே இடத்துல போர் போட்டு மண் டெஸ்ட் எடுத்தார், நானும் ரிப்போர்ட்ட பாத்துட்டு தனித்தனி ஃபுட்டிங் குடுத்துட்டேன். வடக்கு ஓரத்துல பழைய கிணறு மூடின இடம் இருக்குன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டாவது மழை முடிஞ்சதும் ஜன்னல் மூலைலேருந்து சாய்வா விரிசல். விரிசலுக்கு குறுக்க சின்ன கண்ணாடித்துண்டு ஒட்டி பக்கத்துல தேதி எழுதிட்டு வந்தோம். 11ஆம் நாள் காலைல போய் பாக்கறேன், துண்டு நடுவுல பொளந்து நிக்குது. வயித்துல புளிய கரைச்சிருச்சு. அந்த பதட்டத்துல ஓனருக்கு வாட்ஸப்ல "என் தப்புதான் சார், என் செலவுல சரிபண்ணித்தரேன்"னு அனுப்பிட்டேன். பாலிசி இருந்துச்சு தம்பி. ஆனா அவங்கள கேக்காம பொறுப்ப ஒத்துக்கக்கூடாதுன்னு அதுல கண்டிஷன், போதாததுக்கு ஓனர் முதல் லெட்டர் குடுத்து நாலு மாசம் கழிச்சுதான் நான் அவங்களுக்கே தெரியப்படுத்தினேன். க்ளெய்ம் தள்ளுபடி. மைக்ரோபைல்னு ஒல்லியான தூண்கள மண்ணுக்குள்ள இறக்கி அஸ்திவாரத்த தாங்கவைக்க வீட்டு பத்திரத்த பேங்க்ல வெச்சேன்.

அதனால சொல்றேன், முதல் லெட்டர், ஏன் முதல் ஃபோன் வந்தாக்கூட அன்னிக்கே எழுத்துல இன்சூரன்ஸ்காரங்களுக்கு சொல்லிருங்க.

மதுரை_ப்ரோக்கர்:
சார் சொன்னது அத்தனையும் உண்மை. நான் இந்த பாலிசி போட்டுக்குடுக்கற ஆளு, கேட்டவர் டிராஃப்ட்ல ரெண்டு மூணு விஷயம் இடிக்குது.

முதல்ல 5 வருஷம்னு ஏன் போட்டாங்கன்னு புரிஞ்சுக்கங்க. பிஐ பாலிசி தப்பு நடந்த வருஷத்துக்கு இல்ல, க்ளெய்ம் வர்ற வருஷத்துக்கு. இன்னிக்கு போட்ட டிராயிங்குக்கு 2 வருஷம் கழிச்சு நோட்டீஸ் வந்தா அன்னிக்கு பாலிசி உயிரோட இருக்கணும், டிராயிங் போட்ட தேதி பாலிசில இருக்கற ரெட்ரோ தேதிக்கு (அதுக்கு முந்தின வேலைக்கு கவர் இல்ல) அப்புறமா இருக்கணும். நடுவுல ஒரு வருஷம் ரின்யூவல் விட்டுட்டு புதுசா எடுத்தா ரெட்ரோ தேதியும் புதுசாயிரும், பழைய வேலை பூரா அம்போ. டெண்டருக்கு காட்ட ஒரு வருஷம் எடுத்துட்டு விட்டுட்டவங்கள நிறைய பாத்துட்டேன், அவங்க கட்டின பிரீமியம் மொத்தமும் வீண், சொல்லவே கஷ்டமா இருக்கு.

அடுத்து அந்த 2 கோடி. பாலிசில ஒரு விபத்துக்கு இவ்வளவு, வருஷம் முழுக்க இவ்வளவுன்னு ரெண்டு லிமிட் இருக்கும். வருஷத்துக்கு 2 கோடி, 1:2 விகிதம்னு எடுத்தா ஒரு விபத்துக்கு 1 கோடிதான். ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு க்ளெய்முக்கு 2 கோடின்னு எதிர்பாத்தா 1:1 வேணும், பிரீமியம் கூடும். வக்கீல் செலவும் பெரும்பாலும் அந்த லிமிட்டுக்குள்ளயே கழியும்.

டிராயிங் வெளியாள்ட்ட வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு அக்ரிமெண்ட் உங்களோட, அவங்க புடிக்கறது உங்களதான். அதனால நீங்களும் எடுக்கணும், அவரும் எடுத்திருக்கணும். உங்க பாலிசில வெளி கன்சல்டண்ட் வேலையும் சேருதான்னு எழுத்துல வாங்குங்க. மேஸ்திரி வேலை மோசம், கான்கிரீட்ல தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்துச்சு, லேட்டானதுக்கு அபராதம், இதெல்லாம் பிஐல வராது. டிராஃப்ட்ல "கட்டடம் ஆஸ்பத்திரி உபயோகத்துக்கு முழுசா பொருந்தும்னு உத்தரவாதம்"ங்கற மாதிரி வரி இருந்தா "நியாயமான திறமையோடும் கவனத்தோடும்"னு மாத்த சொல்லுங்க, பாலிசி அதுவரைக்கும்தான் வரும்.

போரூர்_ஸ்ட்ரக்சுரல்:
இன்னொண்ணு. 2014 ஜூன் 28 சென்னை மௌலிவாக்கத்துல 11 மாடி இடிஞ்சு 61 பேர் செத்துப்போனாங்க, இங்கேருந்து கூப்பிடு தூரம். பில்டர் மட்டுமில்ல, இன்ஜினியருங்களும் கைதானாங்க. கிரிமினல் கேஸ்ல வர்ற தண்டனையையோ அபராதத்தையோ எந்த பாலிசியும் ஏத்துக்காது. நாளைக்கு அபார்ட்மெண்ட் பக்கம் போனீங்கன்னா ரெரா (ரியல் எஸ்டேட்) சட்டம் பிரிவு 14 படிங்க, ஒப்படைச்சு 5 வருஷத்துக்குள்ள ஸ்ட்ரக்சர்ல குறை வந்தா ப்ரோமோட்டர் 30 நாள்ல இலவசமா சரிபண்ணணும். அவர் அடுத்து திரும்பறது டிசைன் குடுத்தவங்க பக்கம்தான்.

கோவை_சைட்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி டிராஃப்ட்ட மறுபடி படிச்சேன், "முழுசா பொருந்தும்"ங்கற வரி ரெண்டு இடத்துல இருக்கு, மாத்தச் சொல்லி மெயில் போட்டுட்டேன். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்ட்ட கேட்டா இதுவரைக்கும் பாலிசியே எடுத்ததில்லைன்னுட்டார், 20 வருஷமா டிராயிங் போடறவருங்க. அவரையும் கூட்டிட்டு திங்கக்கிழமை ப்ரோக்கர்ட்ட போறோம். அந்த கிணத்து விஷயம் மனசவிட்டு போகல, எங்க சைட்டுக்கும் போர் ரெண்டுதான் போட்டிருக்கோம், இன்னும் மூணு போடச் சொல்லிட்டேன். பக்கத்து தோட்டத்து பெரியவர்ட்டயும் இங்க முந்தி கிணறு எதாச்சும் இருந்துச்சான்னு நாளைக்கு போய் கேக்கப்போறேன்.