கோடை வெயிலை நிலத்தில் சேமித்துக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முடியுமா?

பின்வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள மார்க்கம் நகரில் பழைய தனி வீடொன்றில் வசிக்கிறோம். வீட்டைச் சூடாக்கும் எங்கள் எரிவாயு உலையின் ஆயுள் முடியப்போகிறது, குளிரூட்டியும் பழையதே. அல்பேர்ட்டாவின் ஒகொடொக்ஸ் நகரிலுள்ள டிரேக் லாண்டிங் குடியிருப்பில், கோடை வெயிலின் சூட்டை நிலத்துக்குள் இறக்கி வைத்துப் பனிக்காலத்தில் திரும்ப எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று அறிந்தேன். என் கூரையில் சூரிய வெப்பத் தகடுகளைப் பொருத்தி, பின்வளவில் சில துளைகளை இட்டு, அதையே சிறிய அளவில் செய்ய இயலுமா?

கல்கரித்தமிழன் எழுதியது:

வணக்கம் ஐயா. ஒற்றை வீட்டுக்கு அந்த முறை சரிவராது. அதற்குச் செலவைவிட வடிவகணிதமே பெரிய தடை. டிரேக் லாண்டிங்கில் 52 வீடுகள் இருந்தன. கராஜ் கூரைகளில் பொருத்தியிருந்த ஏறத்தாழ 800 தகடுகள் திரட்டிய வெப்பம், சுமார் 35 மீற்றர் ஆழமுள்ள 144 துளைகளின் வழியே மண்ணுக்குள் இறங்கியது. அத்துளைகள் யாவும் 35 மீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கின. துளைகளிலுள்ள குழாய்களில் சூடான நீர் வட்டத்தின் நடுவில் நுழைந்து விளிம்பை நோக்கிச் செல்லும். குளிர்காலத்தில் அந்த ஓட்டம் திரும்பி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வரும். ஆகையால் மிகுந்த சூடு எப்போதும் நடுவிலேயே தங்கும். கோடை முடிவில் அங்கே மண் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறியது.

சுற்றியுள்ள மண்ணை முதலில் சூடாக்க வேண்டியிருந்தமையால், 2007இல் தொடங்கிய முதலாண்டில் வீடுகளைச் சூடாக்கும் தேவையில் பாதியைச் சற்றே கடந்த அளவைத்தான் வெயில் ஈடுசெய்தது. சில ஆண்டுகளில் அது 90 வீதத்தைத் தாண்டியது. 2015-16 குளிர்காலத்தில் முழுத் தேவையையும் நிறைவேற்றியது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அந்த வட்டத்துக்குள் இருந்த மண்ணின் கனவளவு ஏறத்தாழ 34,000 கனமீற்றர். அதில் 52இல் ஒரு பங்கை மட்டும் உங்கள் வளவில் வைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் மண்ணின் அளவோடு ஒப்பிட அதன் வெளிப்பரப்பு நான்கு மடங்குக்குச் சற்றே குறைவாகப் பெருகிவிடும். வெப்பம் கசிவது வெளிப்பரப்பின் வழியாகத்தான் என்பதால், நீங்கள் ஆடியில் சேர்த்தது தைக்கு முன்பே மண்ணில் கரைந்துபோகும்.

பின்வளவு எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. அத்தனை சிறப்பாக இயங்கிய திட்டம் 2024இல் நிறுத்தப்பட்டது ஏன்? தனி வீடுகளில் நிலவெப்பம் என்று விற்பனையாளர்கள் சொல்வது வேறொன்றா?

கல்கரித்தமிழன் எழுதியது:

கருவிகள் முதுமையடைந்தன, உதிரிப்பாகங்கள் கிடைப்பதும் பழுதுபார்ப்பதும் கடினமாயின. வீடுகள் தனித்தனி எரிவாயு உலைகளுக்கு மாற்றப்பட்டன. நிலத்தில் வெப்பம் தங்கவில்லை என்பது காரணமன்று. 52 வீடுகளே சுமக்க வேண்டியிருந்த பொதுக் கட்டமைப்பு அது என்பதையே நான் முதற்குறையாகக் கருதுகிறேன்; பல நூறு வீடுகள் பகிர்ந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

துளைக்காரன் எழுதியது:

இரண்டாம் வினாவுக்கு நான் விடை கூறுகிறேன். இத்துறையில் வேலை செய்கிறேன். ஆம், அது முற்றிலும் வேறான முறை. அங்கே எவரும் கோடைச் சூட்டைச் சேமிப்பதில்லை. தென் ஒன்ராறியோவில் பத்து மீற்றருக்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் 8 முதல் 10 பாகை வரை நிலையாக இருக்கிறது. ஹீட் பம்ப் என்ற மின்பொறி அந்த மிதமான வெப்பத்தை எடுத்து உயர்த்தி வீட்டுக்குத் தருகிறது. கோடையில் வீட்டின் சூட்டை எடுத்து அதே மண்ணில் விடுகிறது. கடுங்குளிரில் வீட்டுக்கு 10 கிலோவாட் வெப்பம் தேவையென்றால், நல்ல பொறியொன்று ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரம் செலவிட்டு, எஞ்சிய 7ஐ நிலத்திலிருந்து பெறும்.

மார்க்கத்து வளவுகளில் குழாயைக் கிடையாகப் புதைக்க இடம் போதாது. செங்குத்தாகத்தான் துளையிட வேண்டும். மேற்சொன்ன தேவைக்கு, மண்ணைப் பொறுத்து, மொத்தம் 140 முதல் 180 மீற்றர் வரை ஆகலாம். இதில் கஞ்சத்தனம் காட்டும் ஒப்பந்தக்காரரை நம்பாதீர்கள்: துளை குறைந்தால், குளிர்காலத்தில் எடுக்கும் வெப்பத்தைக் கோடை ஈடுசெய்யாது, மண் ஆண்டுதோறும் குளிர்ந்து பொறியின் திறன் சரியும். ஐந்து மீற்றருக்கு மேல் ஆழமான செங்குத்துத் துளைகளுக்கு மாகாணச் சுற்றாடல் அனுமதி தேவை என்ற விதி 2012இலிருந்து உள்ளது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

சூரியனைச் சேர்க்க விரும்பினால், வெப்பத் தகடுகளை விட்டுவிட்டு, வெயிலிலிருந்து மின்சாரம் தரும் மின்தகடுகளைப் பொருத்துங்கள். கோடையில் மிஞ்சி மின்வலைக்குப் போகும் மின்சாரத்துக்கு ஒன்ராறியோவில் உங்கள் மின்கட்டணக் கணக்கில் கிடைக்கும் வரவை 12 மாதங்கள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். நீங்கள் நிலத்தில் தேடிய சேமிப்பு கணக்குப் புத்தகத்தில் கிடைக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணெயாலோ நேரடி மின்சாரத்தாலோ சூடாக்கும் வீடுகளில்தான் பெருஞ்சேமிப்பு. எரிவாயு வீட்டில் முதலீடு திரும்ப நெடுங்காலமாகும். ஆகவே முதலில் கூரைக்கடி வெப்பக்காப்பையும் காற்றுக் கசிவையும் சரிசெய்து, அதன் பின்னர் வெப்பத் தேவையைக் கணக்கிடச் சொல்லுங்கள். காற்றிலிருந்து வெப்பமெடுக்கும் ஹீட் பம்புக்கும் விலை கேளுங்கள். இரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும், உங்கள் காற்றுக்குழாய்களின் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும். ஹீட் பம்ப் தரும் காற்று உலைக்காற்றைவிடச் சூடு குறைந்தது, அதனால் அதிக அளவில் ஓடவேண்டும். ஒடுங்கிய குழாய்களில் அது இரைச்சலாகும்.