கப்பல் பினாங்கில் நிற்கும் ஒரு பகலுக்குக் கடற்கரை பங்களா எடுத்தால் சரிவருமா?

செந்தூல்காரன்:

வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பமாகக் கப்பலில் போகிறோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, அப்புறம் புக்கெட், மறுபடி சிங்கப்பூர். மொத்தம் ஒன்பது பேர். என் அப்பா அம்மா, மாமியார், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து. பினாங்கில் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. கொடிமலை, கோயில், கொம்தார் கோபுரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, கோலாலம்பூரில் (கேஎல்) இருக்கிறவனுக்குப் பினாங்கில் என்ன புதுசு. அதனால் பத்து பெரிங்கி பக்கம் கடலை ஒட்டி ஒரு பங்களாவை அந்தப் பகலுக்கு மட்டும் எடுத்து, பிள்ளைகள் மணலில் ஆட, பெரியவர்கள் நிழலில் சாய, நாலு மீனைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பலாம் என்று யோசனை. அம்மாவும் மாமியாரும் ஹோட்டல் கூட்டத்துக்கு நடுவில் கடலில் கால்கூட நனைக்க மாட்டார்கள், தனி இடம் என்றால்தான் இறங்குவார்கள்.

இணையத்தில் ஒரு வீடு பார்த்தேன். ஓர் இரவுக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்). பகலுக்கு மட்டும் போதும் என்றாலும் அதே விலைதான் என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா? இல்லை, கப்பலிலேயே விற்கிற கடற்கரைச் சுற்றுலாவை எடுத்துவிடலாமா?

பூலாவ்திக்குஸ் அக்கா:

தம்பி, விலை இருக்கட்டும். செக்-இன் எத்தனை மணி என்று கேட்டீர்களா? இங்கே பெரும்பாலான வீடுகளில் மதியம் 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள், மறுநாள் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். 3 மணிக்கு நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறுகிற நேரம். ஆக, அந்த 1,200 வெள்ளிக்கு வாசற்படியைத்தான் பார்ப்பீர்கள். முந்தின இரவையும் சேர்த்து எடுத்தால்தான் காலையிலேயே நுழைய முடியும். இல்லாவிட்டால் "காலை 9.30 முதல் மதியம் 3 வரை, இரவு யாரும் தங்க மாட்டோம்" என்று பேசி அதை எழுத்தில் வாங்குங்கள். வார நாளில் முந்தின இரவு வீடு சும்மா இருந்தால் சில பேர் ஒத்துக்கொள்வார்கள், பள்ளி விடுமுறையில் சிரமம்தான்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். கப்பல் 8 மணிக்கு வந்தாலும் குடிநுழைவுச் சோதனை முடிந்து, அத்தனை பேரோடு வரிசையில் நின்று வெளியே வர 9 மணி ஆகலாம். சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கப்பல் நேராகப் படகுத்துறையில் கட்டுகிறது, அந்த மட்டுக்கும் நல்லது. அங்கிருந்து பத்து பெரிங்கி காலியான சாலையில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். தஞ்சோங் தொக்கோங், தஞ்சோங் பூங்கா என்கிற ஊர்கள் வழியாகப் போகிற ஒரே வளைவுச் சாலை அது, விடுமுறை நாளில் ஒரு மணி நேரமும் பிடிக்கும். 101 பஸ் இருக்கிறது, ஆனால் மூன்று பெரியவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம். திரும்பும்போது 2.45-க்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஆக மொத்தம் மணலில் ஐந்து மணி நேரம் கிடைத்தாலே அதிகம்.

கிள்ளான்வாசி:

அக்கா சொன்ன கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 மணி என்பது கப்பல் நகர்கிற நேரம். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும், காலையில் இறங்கும்போதே பலகையில் போட்டிருப்பார்கள். கப்பல்காரர்கள் விற்கிற சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களே உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்த ஏற்பாட்டில் போனவனுக்கு அது கிடையாது. கப்பல் சுற்றுலாவுக்குக் கேட்கிற அதிக விலையில் பாதி இதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையும் ஐசியையும் (அடையாள அட்டை) எல்லாரும் கையில் வைத்திருங்கள், அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வராதீர்கள். பினாங்கில் கப்பலைத் தவறவிட்டால் மலேசியர்களுக்கு உலகம் ஒன்றும் முடிந்துவிடாது, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் கேஎல். ஆனால் பாஸ்போர்ட் கப்பலோடு புக்கெட் போய்விட்டால் பிறகு அலைச்சல்தான். கடிகார விஷயமும் உண்டு: தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் வழியில் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. கைப்பேசி தானாக எதைக் காட்டினாலும் கப்பல் நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வானிலை என்று சொல்லி ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகக் கப்பலுக்கு உரிமை உண்டு, உங்கள் பங்களா முன்பணத்தை அவர்கள் தர மாட்டார்கள். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற மாதிரி மட்டும் பதிவு செய்யுங்கள்.

செந்தூல்காரன்:

அக்கா, செக்-இன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன், காலையில் திறந்துவிட முடியும், ஆனால் முந்தின இரவுக்குப் பாதி வாடகை கூட வேண்டும் என்கிறார். 1,800 ஆகிறது. தலைக்கு 200 வெள்ளி. கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. அந்தக் கடற்கரை முழுக்க நமக்கே நமக்குத்தானா? விளம்பரத்தில் 'தனிக் கடற்கரை' என்று போட்டிருக்கிறார்.

தெலுக்பஹாங் பையன்:

தனிக் கடற்கரையா, அதை நம்பாதீங்க அண்ணா. வீடு தனியாருடையது, மணல் அரசாங்கத்துடையது. வேலி தாண்டினால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஜெட் ஸ்கி வாடகைக்கு விடுகிறவரும் வந்து நிற்பார். இன்னொன்று, 'கடலை ஒட்டியது' என்று போட்டிருக்கிற வீடுகளில் பாதி பெரிய சாலைக்கு மலைப்பக்கம் இருக்கும். கடல் தெரியும், ஆனால் போக வேண்டுமென்றால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கணும். பணம் கட்டுவதற்கு முன்னால் செயற்கைக்கோள் படத்தில் வீட்டைப் பாருங்கள்.

உண்மையைச் சொல்லணும் என்றால், குளிக்கிறதுக்கு எங்கள் கடல் அவ்வளவு நல்ல கடல் இல்லை. தண்ணீர் கலங்கல். ஜெல்லி மீன் உண்டு, அதில் பெட்டி மாதிரி இருக்கிற ரகம் ஆபத்தானது, ஆளையே கொன்றிருக்கிறது. பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போட்டுவிடுங்கள். ஒரு போத்தல் வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள், பட்டால் உடனே அதை ஊற்றணும், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்கக்கூடாது, அப்புறம் நேராக மருத்துவமனை. குரங்குக் கடற்கரைக்குப் படகில் போகலாம் என்று யாராவது சொன்னால், இந்தப் பயணத்தில் வேண்டாம். அது இருக்கிற தேசியப் பூங்கா அருமையான இடம்தான், ஆனால் படகில் ஏற இறங்கப் பெரியவர்களுக்குக் கஷ்டம், குரங்குகள் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கும்.

கடல்தான் வேண்டும் என்றால் லங்காவியில் நிற்கிற கப்பலாகப் பார்த்திருக்கலாம். அங்கே கப்பல் துறையிலிருந்து பந்தாய் செனாங் கடற்கரை கிட்டத்தில்தான்.

பூலாவ்திக்குஸ் அக்கா:

இந்தப் பையன் தன் ஊரையே விட்டுக்கொடுத்துப் பேசுகிறான்! கப்பல் பதிவு செய்தாகிவிட்டது தம்பி, இனி லங்காவி எதற்கு. புக்கெட்டை நம்பியும் தள்ளிப்போடாதீர்கள், அங்கே பாத்தோங் கடற்கரையில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்கும், ஆடுகிற படகில் உங்கள் மாமியாரை ஏற்றி இறக்குவது யார்.

என் கருத்து, கடலில் குளிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, சொந்த நீச்சல் குளம் உள்ள பங்களாவாகப் பாருங்கள், மதில் இருக்கிற வீடு. தஞ்சோங் பூங்காவிலேயே பழைய பங்களாக்கள் உண்டு, துறைமுகத்திலிருந்து பத்து பெரிங்கியை விடக் கிட்டம், அந்த வளைவுச் சாலையும் மிச்சம். அம்மாவும் மாமியாரும் யார் கண்ணிலும் படாமல் குளத்தில் இறங்கட்டும், மணலுக்குப் பிள்ளைகளை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். அடுக்குமாடியில் கடல் பார்த்த மாதிரி மலிவாக ஒன்று கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். குறுகிய கால வாடகையை நிர்வாகக் கழகம் தடுக்கலாம் என்று 2020-இலேயே கூட்டரசு நீதிமன்றம் கேஎல் மோன்ட் கியாரா அடுக்குமாடி வழக்கில் சொல்லிவிட்டது. கீழே காவலர் மறித்தால் ஒன்பது பேரும் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

மீன் சுடுகிற வேலையும் வேண்டாம். கிடைக்கிற ஐந்து மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கரி மூட்டுவதிலேயே போய்விடும். லிட்டில் இந்தியா கடைத்தெரு, துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வண்டி வருவதற்குள் யாராவது ஒருவர் போய்ச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

செந்தூல்காரன்:

குளம் உள்ள வீடு, இது ஏன் தோன்றவில்லை. தஞ்சோங் பூங்காவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இப்போதே எழுதியிருக்கிறேன், ஒருவர் பகல் வாடகைக்குத் தயார், விலை இன்னும் சொல்லவில்லை. ஒன்பது பேருக்குக் கிராப் வாடகைக்கார் செயலியில் இரண்டு வண்டி எடுப்பதா, வேன் பேசுவதா?

கிள்ளான்வாசி:

வேன். போகும்போது கிராப் கிடைக்கும், திரும்பும்போது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? மழை வந்தால் விலையும் ஏறும். போக வர ஒரே ஓட்டுநரைப் பேசி, பாதிப் பணம் திரும்பி வந்து இறங்கின பிறகு என்று சொல்லுங்கள். அவர் 2.30-க்கே வாசலில் நிற்கட்டும்.